மூச்சைக் கவனித்தால் மூச்சு முட்டுகிறது. தொடரலாமா, விட்டுவிடலாமா?

கேள்வி, ஜூன் 3

ஆறு வாரமாகத் தினமும் காலையில் இருபது நிமிடம் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கிறேன். முதல் இரண்டு வாரம் நன்றாகத்தான் போனது. இப்போது உட்கார்ந்த மூன்றாவது நிமிடத்திலேயே மூச்சு போதாதது போல் இருக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, விரல் நுனி மரத்துப்போகிறது. போனில் போட்டிருக்கும் தியானச் செயலியில் பேசும் குரல் "வருவது வரட்டும், போவது போகட்டும்" என்கிறது. வருவது வருகிறது, போகத்தான் மாட்டேன் என்கிறது. எனக்குத் தியானம் வராதா, இல்லை இதுதான் தியானமா?

பதில், ஜூன் 3, இரவு

நிறுத்துங்கள். விளக்கம் அப்புறம். நாளைக் காலை உட்கார வேண்டாம். ஒரு வாரம் மூச்சின் பக்கமே திரும்பாதீர்கள், உங்கள் மேற்பார்வை இல்லாமலே அது இத்தனை வருடம் ஓடியிருக்கிறது. படபடப்பு உட்காராத நேரத்திலும் வருகிறது, படியேறினால் வருகிறது என்றால் அதைத் தியானக் கணக்கில் எழுதாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

ஜூன் 4

நேற்று கொஞ்சம் முரட்டுத்தனமாக எழுதிவிட்டேன், காரணம் சொல்கிறேன்.

மூச்சுக்கு ஒரு விசித்திரம் உண்டு. தானாகவும் நடக்கும், நாம் பிடித்தும் நடத்தலாம். இதயத்தையோ செரிமானத்தையோ அப்படிக் கையில் எடுக்க முடியாது. அதனால் "மூச்சைக் கவனி" என்று சொன்னவுடன் பாதிப் பேர் கவனிப்பதை விட்டு ஓட்ட ஆரம்பித்துவிடுகிறோம். இழுப்பது சரியாக இருக்கிறதா, இன்னும் கொஞ்சம் ஆழமாக இழுக்கலாமா என்று ஒரு கண்காணிப்பாளர் உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறார். தேவைக்கு மேல் இழுத்து விட்டால் இரத்தத்தில் கரியமில வாயுவின் அளவு இறங்குகிறது. விரல் மரப்பது, தலை லேசாவது, "காற்று பற்றவில்லை" என்ற தவிப்பு எல்லாம் அதன் வேலை. தவிப்பு வந்ததும் இன்னும் பெரிதாக இழுக்கிறோம், அது இன்னும் இறங்குகிறது. உங்களுக்கு நடப்பது இதுவாக இருக்கலாம் என்பது என் ஊகம். அப்படியானால் காற்று குறைந்து முட்டவில்லை, கூடி முட்டுகிறது.

இது புதிதும் இல்லை. அமைதிப்படுத்தும் பயிற்சியே சிலருக்குப் பதற்றத்தைக் கிளப்புகிறது என்று ஹைட், போர்கோவெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1983இல் ஆய்வே எழுதியிருக்கிறார்கள். பதற்றம் அதிகமுள்ள ஆட்களை வைத்துச் செய்த ஆய்வு அது. எப்போதும் காவல் நிற்கும் ஆளிடம் திடீரென்று "கையைத் தளர்த்து" என்றால் அவர் இன்னும் மிரளுவார் இல்லையா, அது மாதிரி.

ஜூன் 4, கொஞ்ச நேரம் கழித்து

"மனம் அடங்கவே இல்லை" என்று கீழே இன்னொருவர் சேர்த்திருக்கிறார். அடங்க வேண்டும் என்று யார் சொன்னது? இந்தக் குழப்பத்தில் பாதி, சொல்லிலிருந்து வருகிறது.

மைண்ட்ஃபுல்னெஸ் (நடப்பதை நடக்கும்போதே கவனித்திருப்பது) என்று இன்று ஊரெல்லாம் சொல்வதன் மூலச்சொல், பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் "சதி". தமிழில் எழுதினால் யாரோ யாரையோ கவிழ்க்கப் பார்ப்பது போல இருக்கும், என்ன செய்வது. சமஸ்கிருதத்தில் அதுவே ஸ்மிருதி, அதாவது நினைவு. ரைஸ் டேவிட்ஸ் என்ற பாலி அறிஞர் 1881இல் அதை ஆங்கிலத்தில் மைண்ட்ஃபுல்னெஸ் ஆக்கினார். அதைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது மொழிபெயர்ப்பு இயந்திரங்கள் ஒரு நாள் "நினைவாற்றல்" என்கின்றன, மறுநாள் "மனநிறைவு" என்கின்றன. நினைவாற்றல் என்று முதலில் பார்த்தபோது சிரித்தேன், தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைக்குக் கொடுக்கும் மாத்திரை போல இருக்கிறதே என்று. பிறகுதான் உறைத்தது, இயந்திரம் தெரியாமலே பாதிக் கிணறு தாண்டியிருக்கிறது. மனநிறைவுதான் நிஜமான தொல்லை. அந்தச் சொல்லை நம்பி உட்காருகிறவர், நிறைவு வராத நாளெல்லாம் தன்னைத் தோற்றவராக எண்ணிக்கொள்கிறார்.

எனக்குப் பிடித்த சொல் நம்மிடம் பழையதாகவே இருக்கிறது. திருக்குறளில் 54ஆம் அதிகாரம், பொச்சாவாமை. பொச்சாப்பு என்றால் மறதி, சோர்ந்து கோட்டை விடுவது. பொச்சாவாமை அதன் எதிர். நல்ல மகிழ்ச்சியில் மிதக்கும்போது வரும் மறதி கோபத்தை விடக் கெட்டது என்றுதான் அந்த அதிகாரமே தொடங்குகிறது. இன்று அந்தச் சொல்லை யாரும் வாயில் போட மாட்டார்கள், எனக்கும் தெரியும். "மறவாமை" என்று வைத்துக்கொள்வோம். என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பதை மறக்காமல் இருப்பது. மறந்தால், மறந்தோம் என்று தெரிவது. அவ்வளவுதான்.

ஜூன் 6

"நீங்களே தியானம் செய்கிறவர்தானே, ஏன் இப்படிப் பயமுறுத்துகிறீர்கள்" என்று கேட்டிருந்தார்கள். சரி, சொல்லிவிடுகிறேன்.

ஏழு வருடம் முன்பு ஒரு வார மௌன முகாமுக்குப் போனேன். பேச்சு இல்லை, போன் இல்லை, படிக்க ஒரு துண்டுக் காகிதம் இல்லை, விடியும் முன்பிருந்து இரவு வரை உட்கார்தல். மூன்றாம் நாள் முதுகுவலி, நான்காம் நாள் ஆனந்தம். கண்ணில் நீர் வழியும் அளவுக்கு ஆனந்தம், யாரைப் பார்த்தாலும் பாசம். ஐந்தாம் நாள் தட்டைக் கழுவிக்கொண்டிருக்கிறேன், கை என்னுடையதாக இல்லை. அசைகிறது, சோப்பு தேய்க்கிறது, ஆனால் அது யாருடைய கையோ. சத்தங்களெல்லாம் ஒரு கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து வந்தன. அன்று மாலை முகாமை நடத்துகிறவரிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நல்ல அறிகுறி, விடாமல் கவனியுங்கள்" என்றார். மீதி இரண்டு நாளும் விடாமல் கவனித்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு மூன்று வாரம் சரியான தூக்கம் இல்லை. வீட்டில் பேசுகிறவர்கள் நாடகத்தில் பேசுவது போல இருந்தது. கண்ணாடியில் முகம் பார்க்கப் பயந்து சவரம் செய்வதை விட்டேன் (தாடி நன்றாக இருக்கிறது என்று இரண்டு பேர் சொன்னார்கள்). கடைசியில் ஒரு மனநல மருத்துவர் இதற்குப் பெயர் இருக்கிறது என்றார், டீபர்சனலைசேஷன், தன்னிலிருந்து தானே விலகி நிற்பது போன்ற நிலை. பெயர் கேட்டதிலேயே பாதி பாரம் இறங்கியது. "உட்காருவதை நிறுத்துங்கள், வெளியே நடங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள்" என்றார், தூக்கத்துக்குக் கொஞ்ச நாள் மாத்திரை கொடுத்தார். முழுதாகத் தெளிய மூன்று மாதத்துக்கு மேல் ஆனது.

அந்த நடத்துநர் மீது எனக்கு இன்னும் கோபம் உண்டு. அதனால்தான் உங்களுக்கு "நிறுத்துங்கள்" என்று அப்படி எழுதினேன்.

ஜூன் 7

எத்தனை பேருக்கு இப்படி ஆகிறது என்று கேட்டவருக்கு: 2020இல் மிகுவேல் ஃபரியாஸ் குழுவினர் தியானம் பற்றிய 83 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஏதோ ஒரு பாதகம் நேர்ந்தவர்கள் 8.3 சதவீதம். நூற்றுக்கு எட்டு என்று வையுங்கள். முதலிடத்தில் பதற்றம், அடுத்து மனச்சோர்வு. முன்பு மனநலப் பிரச்சினை எதுவும் இல்லாதவர்களுக்கும் வந்திருக்கிறது.

ஜூன் 9

"நூற்றுக்கு எட்டு" என்று போட்டது சோம்பேறித்தனம். அந்த ஆய்வை மறுபடி எடுத்துப் பார்த்தேன். 8.3 என்பது எல்லாவற்றையும் கலந்த சராசரி. சோதனை முறையில் நடத்திய ஆய்வுகளை மட்டும் எடுத்தால் 3.7, பயிற்சி செய்கிறவர்களை அவர்கள் போக்கில் விட்டு விசாரித்த ஆய்வுகளில் 33.2. இரண்டுக்கும் நடுவே இத்தனை தூரம் இருக்கும்போது சராசரியைத் தூக்கிக்கொண்டு திரிவதில் பொருளில்லை. யாரைக் கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள், என்ன பயிற்சி, எத்தனை நேரம், எல்லாம் அந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது. பாதகம் என்று எழுதியதெல்லாம் என் கதை மாதிரி மூன்று மாதம் நீண்டது என்றும் அர்த்தமில்லை.

எண்ணை விட எனக்கு உதவியது வேறொன்று. 2017இல் பிரவுன் பல்கலைக்கழகத்தின் ஜாரெட் லிண்டால், வில்லோபி பிரிட்டன் குழு பௌத்த தியானம் செய்கிறவர்களிடமும் கற்றுத்தருகிறவர்களிடமும் நேரில் பேசி, சங்கடமான அனுபவங்களை 59 வகையாகப் பிரித்தது. ஒளி தெரிவது, தூக்கம் போவது, உணர்ச்சியே வற்றிப்போவது, "நான்" என்ற எல்லை கரைவது. ஒரே அனுபவம் ஒருவருக்கு வரம், இன்னொருவருக்கு நரகம். என் நான்காம் நாள், ஐந்தாம் நாள் இரண்டும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆனந்தம் பட்டியலில் இருந்ததுதான் என்னை உலுக்கியது. அதை நான் பரிசு என்றல்லவா நினைத்திருந்தேன்.

ஜூன் 10

ஒருவர்: "தியானத்தில் தவறே இருக்க முடியாது, செய்பவரின் பக்குவம்தான் போதாது. 2500 வருடமாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை."

ஆகியிருக்கிறது ஐயா, அதுவும் புத்தர் காலத்திலேயே. பாலி நூல்களில் வைசாலியில் நடந்ததாக ஒரு செய்தி வருகிறது. உடலின் அசுத்தத்தை எண்ணிப் பார்க்கும் தியானத்தைப் புத்தர் புகழ்ந்து பேசிவிட்டுப் பதினைந்து நாள் தனிமைக்குப் போகிறார். துறவிகள் அதையே தீவிரமாகச் செய்து, உடல் மீது தாங்க முடியாத வெறுப்பு வந்து, பலர் உயிரை மாய்த்துக்கொள்கிறார்கள். திரும்பி வந்தவர், சங்கம் (துறவிகள் கூட்டம்) ஏன் இப்படி மெலிந்து கிடக்கிறது என்று தன் சீடர் ஆனந்தரைக் கேட்கிறார். ஆனந்தர் நடந்ததைச் சொல்லி, வேறு முறை ஏதாவது சொல்லுங்கள் என்று வேண்டுகிறார். எல்லோரையும் கூட்டி அவர் சொன்ன மாற்று, மூச்சைக் கவனிப்பது.

இதை எத்தனை முறை படித்தாலும் ஓரிடத்தில் நிற்பேன். "உங்கள் பக்குவம் போதாது" என்று அங்கே பேச்சே இல்லை. முறைதான் மாறியது. நம் கேள்விக்காரருக்கு மூச்சே ஒத்துக்கொள்ளவில்லை, அன்று மருந்தாக வந்தது இவருக்கு ஒவ்வாமை. அப்படியானால் இவருக்கும் வேறொன்று வேண்டும், அவ்வளவு எளிது.

ஜூன் 10, இன்னும் கோபம் தணியாமல்

சோணர் என்ற துறவி நடந்து நடந்தே தியானம் செய்து பாதத்தில் இரத்தம் வந்துவிட்டது. முன்பு வீணை வாசித்தவர். நரம்பை அதிகம் முறுக்கினால் வாசிக்க வருமா, அதிகம் தளர்த்தினால் வருமா என்று புத்தர் கேட்டதாகக் கதை, இரண்டுமில்லை, அளவாக வேண்டும் என்பது பாடம். இதை எல்லா முகாமிலும் சொல்கிறார்கள், சொல்லிவிட்டு விடியற்காலை மணி அடிக்கிறார்கள்.

ஜூன் 11

மேலே மணி பற்றி எழுதியதை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

ஜூன் 14

கேள்விக்காரர் மருத்துவரைப் பார்த்துவிட்டாராம், இதயத்தில் ஒன்றுமில்லை. நல்லது. இப்போது என்ன செய்யலாம் என்கிறார்.

நான் திரும்ப ஆரம்பித்த விதத்தைச் சொல்கிறேன், அதை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கண் திறந்தே இருக்கும். ஐந்து நிமிடம், அதற்கு மேல் எவ்வளவு ஆசை வந்தாலும் எழுந்துவிடுவேன். மூச்சுக்குப் பதில் பாதம். தரையில் குதிகால் எங்கே அழுந்துகிறது, எந்த விரல் தரையைத் தொடவில்லை, குளிர்ச்சியா சூடா. அதுவும் அலுத்தால் சத்தம், தூரத்தில் கேட்பதிலிருந்து பக்கத்தில் கேட்பது வரை. பல நாள் வெறும் நடை. கை விலகுவது போல லேசாகத் தோன்றினாலும் உடனே நிறுத்திவிட்டு யாரிடமாவது பேசுவேன், பாத்திரம் தேய்ப்பேன். தப்பித்து ஓடுவது போல முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு ஒரு பழைய உவமை கண்ணில் பட்டது: சதி என்பது கோட்டை வாயிற்காவலன், தெரிந்தவரை உள்ளே விடுவான், தெரியாதவரை நிறுத்துவான். செயலியின் குரல் சொல்வது வேறு, வருகிறவர் எல்லோரும் வரட்டும் என்று. காவலனுக்குக் கதவைச் சாத்தவும் தெரியும்.

பாதத்தைப் பற்றி இன்னொன்று. ஜப்பானின் ஹகுயின் என்ற ஜென் பௌத்தத் துறவி (1686–1769) இளமையில் வெறியாகத் தியானத்தில் உட்கார்ந்து நோயில் படுத்துவிட்டார். தலைக்குச் சூடேறி, கால் இரண்டும் பனிக்கட்டி போலக் குளிர்ந்து, காதில் ஓயாத இரைச்சல். ஜென் நோய் என்றே அதற்குப் பெயர் உண்டு. மலையில் இருந்த ஒரு துறவி சொல்லிக்கொடுத்ததாக அவர் பிற்காலத்தில் எழுதிய வைத்தியம்: தலை உச்சியில் வாத்து முட்டை அளவு வெண்ணெய் இருப்பதாக நினைத்துக்கொள், அது உருகி தோள், நெஞ்சு, இடுப்பு என்று வழிந்து பாதம் வரை போகட்டும். மேலே ஏறியதைக் கீழே இறக்குவதுதான் விஷயம். நானும் முயன்றேன். வெண்ணெய் எனக்குக் கழுத்தைத் தாண்டவில்லை, சட்டை பிசுபிசுக்குமே என்ற கவலை வந்துவிட்டது. பாதம் போதும் எனக்கு.

ஜூன் 19

ஒன்றைத் திருத்த வேண்டும். நாலைந்து நாளாக உறுத்துகிறது.

ஜூன் 6 குறிப்பில் நடத்துநர் மீது பழி போட்டு முடித்துவிட்டேன். முகாமில் சேரும்போது ஒரு படிவம் கொடுத்தார்கள். பதற்றம், மனச்சோர்வு, அதற்கு மருந்து, ஏதாவது உண்டா என்று கேட்டிருந்தது. "இல்லை" என்று எழுதினேன். உண்மையில் அதற்கு இரண்டு வருடம் முன்பு திடீர்ப் பீதிக்காக ஏழு மாதம் மாத்திரை எடுத்திருந்தேன். எழுதினால் சேர்க்க மாட்டார்களோ என்ற பயம், அதோடு "அதெல்லாம் பழைய கதை" என்ற பெருமை. தெரிந்திருந்தால் அவர் வேறு மாதிரி சொல்லியிருப்பாரோ, என்னை அனுப்பியிருப்பாரோ. ஐந்தாம் நாள் மாலையும் எனக்கு வாய்ப்பு இருந்தது. அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கும் பெருமையாகிவிட்டது, படிவத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அதற்காக "நல்ல அறிகுறி" என்று சொன்னது சரியாகிவிடாது. கை தன்னுடையதில்லை என்று ஒருவர் வந்து சொன்னால், படிவத்தில் என்ன எழுதியிருந்தாலும், தூங்கினீர்களா என்றாவது கேட்க வேண்டும். கோபம் பாதியாகக் குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை.

ஜூன் 20

இன்னொரு திருத்தமும் சேர்த்தே. இந்தப் பக்கத்தை மேலிருந்து படிக்கிறவர் தியானம் என்றாலே தீ என்று ஓடிவிடுவார். அது என் எண்ணமில்லை.

ஜான் கபட்-ஸின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கிய மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சி, நாள்பட்ட வலியால் அவதிப்பட்ட நோயாளிகளுக்கானது. 2014இல் தியானப் பயிற்சிகள் பற்றிய 47 சோதனைகளை, மொத்தம் 3,515 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்த ஆய்வில் பதற்றம், மனச்சோர்வு, வலி மூன்றிலும் சிறியது முதல் நடுத்தரம் வரையிலான பலன் தெரிந்தது. உடற்பயிற்சி, மருந்து போன்ற மற்ற சிகிச்சைகளை விட மேல் என்பதற்கு ஆதாரம் இல்லை. எனக்கு இது ஏமாற்றமாகத் தோன்றவில்லை. உடற்பயிற்சி அளவுக்கு உதவும் என்றால் போதாதா. உடற்பயிற்சியில் முழங்கால் வலித்தால் யாரும் "நல்ல அறிகுறி, இன்னும் ஓடு" என்று சொல்வதில்லை (சொல்கிறார்கள், அவர்களையும் எனக்குத் தெரியும்).

முகாமுக்கு முன்னும் பின்னும் நான் தினமும் செய்த பத்து நிமிடம் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. கோபத்தில் பதில் அனுப்பும் முன் விரல் ஒரு கணம் நிற்கிறது, அந்த ஒரு கணம் இருபது வயதில் என்னிடம் இல்லை. சரி, எப்போதும் நிற்பதில்லை. ஜூன் 10 குறிப்பே சாட்சி.

ஜூன் 27

கேள்விக்காரர்: பாதத்தை வைத்து ஐந்து நிமிடம், கண் திறந்து. மரப்பு வரவில்லை. ஆனால் "ஒன்றுமே நடக்கவில்லை, அலுப்பாக இருக்கிறது, இது தியானம்தானா" என்கிறார்.

அலுப்பு தெரிகிறதல்லவா. இரண்டு வாரம் இதையே வைத்திருங்கள், நேரத்தைக் கூட்டாதீர்கள். மூச்சு நடுவில் தானாகக் கவனத்துக்கு வந்தால் விரட்ட வேண்டாம், வழியில் எதிர்ப்பட்ட ஆளைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் பாதத்துக்கு வந்துவிடுங்கள். மறுபடி முட்டினால் அன்றைக்கு அவ்வளவுதான். மூச்சோடு ராசியாகாமலே ஆயுசு முழுக்கப் பாதத்தோடு இருந்துவிட்டாலும் ஒரு குறையும் இல்லை.

ஜூலை 13

"நீங்கள் மறுபடி முகாமுக்குப் போவீர்களா" என்று ஒருவர் தனியாகக் கேட்டார். இங்கேயே சொல்லிவிடுகிறேன். பல வருடம் மாட்டேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த இழையில் எழுத எழுத ஆசை வந்துவிட்டது, அதை நானே சந்தேகத்தோடு பார்க்கிறேன். ஒரு வாரம் இல்லை, இரண்டு நாள், பேசலாம், நடக்கலாம், இடையில் வீட்டுக்கு வந்துவிடலாம் என்கிற இடமாக ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். என் மருத்துவரைக் கேட்டேன், இரண்டு நாள் சரி, தூக்கம் கெட்டால் அன்றே கிளம்பி வாருங்கள் என்றார். படிவம் வந்திருக்கிறது. அதே கேள்வி இதிலும் இருக்கிறது, பதில் எழுத இரண்டு வரி இடம் விட்டிருக்கிறார்கள். எனக்குத் தனித்தாள் வேண்டும்.